வராத மாணவன் தேறியவன் ஆவானா?
(மென்பொருள் சோதனையில் சார்புகள் இல்லாதபோது செய்ய வேண்டுவன)

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்

முன்னுரை

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் அறிவிப்புப் பலகை முன் முண்டியடித்துக்கொண்டு நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. அப்பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்றில் ஒன்று எழுதப்பட்டிருக்கும். ஒன்று தேர்ச்சி. மற்றொன்று தோல்வி. மூன்றாவது, தேர்வுக்கு வரவில்லை என்பது. வராத மாணவனைத் தேறியவன் என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லாது. பாடத்தில் தோற்றவன் என்று அவனைக் கூறுவதும் பொருந்தாது. அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதே இன்னும் தெரியவில்லை என்பதுதான் உண்மை நிலை.

மென்பொருள் உலகிலும் இதே மூன்று நிலைகள் உள்ளன. ஆனால் மூன்றாவது நிலையை முதல் நிலையாகக் கருதி ஏமாந்து போவது அங்கே மிக எளிது. நானும் அவ்வாறு ஏமாந்தேன். அந்தப் பிழையிலிருந்து நான் கற்ற பாடத்தை உடன் பயிலும் நண்பர்களுக்கும், எனக்குக் கற்பித்த ஆசிரியப் பெருமக்களுக்கும் இக்கட்டுரை வாயிலாகச் சமர்ப்பிக்கிறேன். கணிப்பொறி பயிலாத பிற துறை நண்பர்களும் படிக்கும்படி எளிய முறையில் எழுத முயன்றுள்ளேன்.

சோதனைத் தொகுப்பு என்பது யாது?

ஒரு நிரலை எழுதி முடித்தவுடன் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையால் பார்ப்பது இயலாத காரியம். ஆகவே நிரலைச் சோதிப்பதற்கென்றே சிறுசிறு நிரல்களை எழுதி வைக்கிறார்கள். இவற்றின் கூட்டமே சோதனைத் தொகுப்பு எனப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணும் நிரல் ஒன்றை எழுதுகிறோம் என்று கொள்வோம். 'செல்லூர்' என்னும் எங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் விடை என்ன வரவேண்டும்? செ, ல், லூ, ர் என நான்கு எழுத்துகள். ஆனால் கணிப்பொறியின் உள்ளே ஒருங்குறி முறையில் இச்சொல் எட்டுக் குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ச என்னும் எழுத்து ஒரு குறி. அதன் ஒற்றைக் கொம்பு மற்றொரு குறி. ல ஒன்று, அதன் புள்ளி ஒன்று. அடுத்த ல ஒன்று, அதன் ஊகாரக் குறி ஒன்று. ர ஒன்று, அதன் புள்ளி ஒன்று. பைத்தான் மொழியிடம் நேரடியாக நீளம் கேட்டால் அது 8 என்றே விடை கூறும். தமிழறிந்தவன் கூறும் விடையோ 4. 'இச்சொல்லுக்கு 4 வரவேண்டும். வராவிட்டால் தோல்வி' என்று எழுதி வைப்பதே ஒரு சோதனை.

சார்பு என்பது யாது?

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது பழமொழி. எந்த நிரலும் தனித்து நிற்பதில்லை. பிறர் எழுதி வைத்த துணைநிரல்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டே அது இயங்குகிறது. அத்தகைய துணைநிரல்களையே சார்புகள் என்கிறோம்.

மேலே சொன்ன எழுத்து எண்ணும் வேலையை நாமே எழுதத் தேவையில்லை. 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் துணைநிரல் அதனைச் செய்து தருகிறது. முத்து அண்ணாமலை அவர்களும் அவருடன் சேர்ந்த தன்னார்வலர்களும் இதனைக் கட்டற்ற மென்பொருளாக வழங்கி வருகின்றனர். நம் நிரல் இதனை நம்பி எழுதப்பட்டால், ஓப்பன் தமிழ் நம் நிரலுக்கு ஒரு சார்பு ஆகிறது.

இதனை என் வீட்டிலேயே நான் கண்டு வளர்ந்திருக்கிறேன். என் தந்தையார் கைத்தறி நெசவாளர். செல்லூரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். இன்று எங்கள் தெருவில் ஒன்றிரண்டு தறிகளே எஞ்சியுள்ளன. தறி இருந்தால் மட்டும் துணி வந்துவிடாது. பாவு வேண்டும்; ஊடை நூல் வேண்டும்; அம்மா தார் சுற்றித் தரவேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் தறி நின்றுவிடும். தறிக்கு நூல் எப்படியோ, அப்படியே நிரலுக்குச் சார்பு.

என் அனுபவம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்த பிள்ளை நான். பக்கத்து வீட்டு அண்ணன் பள்ளியில் பெற்ற விலையில்லா மடிக்கணினி, அவருக்கு வேலை கிடைத்த பின் என்னிடம் வந்து சேர்ந்தது. அதில் லினக்ஸ் நிறுவிப் பைத்தான் பழகினேன். முதலாண்டு இறுதியில், கல்லூரி நூலகத்தில் உள்ள தமிழ் நூல்களை அகர வரிசையில் அடுக்கி ஒரு பட்டியல் அச்சிட்டுத் தருகிறேன் என்று தமிழ்த் துறை ஐயா ஒருவரிடம் ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

அகர வரிசை என்பது எளிதுதானே என்று நினைக்கலாம். அங்குதான் சிக்கல். தமிழ் நெடுங்கணக்கில் இடையினம் ய, ர, ல, வ, ழ, ள என்று வரும். அதன் பின்னரே ற, ன வரும். ஒருங்குறி அட்டவணையிலோ ந என்பதை அடுத்து ன வருகிறது. ர என்பதை அடுத்து ற. பின்னர் ல, ள, ழ, வ என்று போகிறது. இந்திய மொழிகள் அனைத்தையும் ஒரே அச்சில் வார்த்த இஸ்கி என்னும் 1988ஆம் ஆண்டு முறையை ஒருங்குறி பின்பற்றியதே இதற்குக் காரணம். ஆகவே குறிகளின் எண்ணைக் கொண்டு மட்டும் வரிசைப்படுத்தினால், 'பவளம்' என்பதற்கு முன் 'பழம்' வந்துவிடும்; 'மலர்' என்பதற்கு முன் 'மறதி' வந்துவிடும். அகராதியில் தேடுபவர்க்கு இது பெருங்குழப்பம் அல்லவா?

இக்குறையைத் தீர்க்க 'ஐசியு' என்றொரு துணைநிரல் உள்ளது. ஐபிஎம் நிறுவனம் 1999இல் இதனைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. 2016இல் இப்பணி ஒருங்குறிச் சேர்த்தியத்தின் கீழ் வந்தது. உலக மொழிகளின் அகர வரிசைகளை இது அறியும்; தமிழ் வரிசையையும் அறியும். இதனைப் பைத்தானில் பயன்படுத்த 'பைஐசியு' என்னும் இணைப்பு உள்ளது.

என் நிரலில் இதனைப் பயன்படுத்தினேன். அத்துடன், "ஒருவேளை ஐசியு இல்லாத கணிப்பொறியில் ஓடினால் என்ன செய்வது? நிரல் நின்றுவிடக் கூடாதே" என்று எண்ணி, அது இல்லாவிட்டால் சாதாரண வரிசையைப் பயன்படுத்து என்றும் எழுதினேன். மொத்தம் 26 சோதனைகள் எழுதினேன். அவற்றுள் 5 சோதனைகள் அகர வரிசையைப் பற்றியவை. ஐசியு இல்லாவிட்டால் அந்த ஐந்தையும் தவிர்த்துவிடு என்று எழுதி வைத்தேன். செய்தது மிகவும் சாமர்த்தியமான காரியம் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

என் மடிக்கணினியில் 26 சோதனைகளும் தேறின. அச்சுப்பொறி இணைக்கப்பட்டிருந்ததோ வேறொரு கணிப்பொறியில். அதற்கு இணையத் தொடர்பு இல்லை. அதில் ஐசியுவும் இல்லை. நிரலை அதில் ஏற்றிச் சோதனைத் தொகுப்பை ஓட்டினேன். திரையின் கடைசி வரியில் 'ஓகே' என்று வந்தது. அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் 'ஸ்கிப்டு 5' என்றும் வந்தது. என் கண்ணுக்கு 'ஓகே' மட்டுமே தெரிந்தது. பட்டியலை அச்சிட்டு, தைத்து, ஐயாவின் மேசையில் வைத்தேன்.

மறுநாள் ஐயா என்னை அழைத்தார். "தம்பி, பவளத்துக்கு முன்னால பழம் எப்படி வந்துச்சு?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்கு வருத்தம் குறைந்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அறுபது பக்கப் பட்டியல் முழுவதும் பயனற்றுப் போயிற்று. "சோதிச்சுப் பாத்தேன் ஐயா, எல்லாம் சரின்னுதான் வந்துச்சு" என்றேன். உண்மையில் அப்படி வரவில்லை. 'சோதித்த வரையில் சரி. ஐந்தைச் சோதிக்கவே இல்லை' என்றுதான் கணிப்பொறி சொல்லியிருந்தது. நான்தான் முழு வரியையும் படிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். தறியிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பா கேட்டார்: "நூல் வரலேன்னா தறி நிக்கும். அதுக்காகத் தறி கெட்டுப்போச்சுன்னு சொல்லுவமா? இல்ல, அன்னைக்குச் சேலை நல்லா வந்துச்சுன்னுதான் சொல்லுவமா?" நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தையார் சொன்ன இந்த இரு கேள்விகளும்தான் இக்கட்டுரையின் முழுப்பொருள்.

சோதனையின் நால்வகை முடிவுகள்

பைத்தானுடன் வரும் 'யூனிட்டெஸ்ட்' என்னும் சோதனைக் கருவி ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குறியை அச்சிடும். தேறினால் ஒரு புள்ளி. தோற்றால் 'எஃப்'. சோதனை ஓடும்போதே எதிர்பாராத பிழை நேர்ந்தால் 'ஈ'. தவிர்க்கப்பட்டால் சிறிய 'எஸ்'. தவிர்க்கும் வசதி தொடக்கத்தில் இதில் இல்லை. 2009இல் வந்த பைத்தான் 3.1 பதிப்பிலும், 2010இல் வந்த 2.7 பதிப்பிலும் சேர்க்கப்பட்டது.

தோல்விக்கும் பிழைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நிரல் ஒரு விடையைத் தந்து, அது தவறாக இருந்தால் தோல்வி. விடை கூறும் நிலைக்கே வராமல் இடையில் முறிந்தால் பிழை. சார்பு இல்லாமற் போனால் பெரும்பாலும் நேர்வது இந்தப் பிழைதான்.

இதில் மற்றொரு இடரும் உண்டு. சோதனைக் கோப்பின் முதல் வரியிலேயே 'ஐசியுவைக் கொண்டுவா' என்று எழுதியிருந்தால், அது இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பிலுள்ள எந்தச் சோதனையும் ஓடாது. ஐந்துக்கு மட்டுமே தேவைப்பட்ட பொருள் இல்லாமையால் அக்கோப்பில் உள்ள மற்றவையும் நின்றுவிடும். பலரும் பயன்படுத்தும் 'பைடெஸ்ட்' என்னும் கருவியோ, ஒரு கோப்பில் இவ்வாறு நேர்ந்தால், தனியே சொல்லாவிடில், மற்றக் கோப்புகளையும் ஓட்டாமல் நின்றுவிடும். ஊடை நூல் ஒரு நிறத்தில் தீர்ந்துவிட்டது என்பதற்காகத் தெருவிலுள்ள எல்லாத் தறிகளையும் நிறுத்துவது போன்றது இது. இதனைத் தவிர்க்கவே தவிர்ப்பு முறை கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே தவிர்ப்பு முறை தீயதன்று; அதனைத் தவறான இடத்தில் பயன்படுத்துவதே தீது.

சார்புகளின் மூவகை

என் பிழைக்குப் பின், என் நிரலின் சார்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தேன். அவை மூன்று வகையாகப் பிரிவதைக் கண்டேன்.

முதல் வகை, இன்றியமையாதவை. இது இல்லாவிட்டால் நிரல் எதற்காக எழுதப்பட்டதோ அந்தப் பயனே கெடும். எழுத்தெண்ணும் ஓப்பன் தமிழ் இவ்வகை. அகர வரிசைக்கான ஐசியுவும் இவ்வகையே. நான் அதனை 'இருந்தால் நல்லது' என்னும் வகையில் வைத்ததே என் தவற்றின் வேர். அகர வரிசைப் பட்டியல் செய்யும் நிரலுக்கு அகர வரிசை அறிந்த துணைநிரல் விருப்பப் பொருளாக இருக்க முடியாது. இவ்வகைச் சார்பு இல்லாவிட்டால் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. தொடக்கத்திலேயே, 'ஐசியு இல்லை. நிறுவிவிட்டு வருக' என்று தெளிவாகச் சொல்லி நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம் வகை, விருப்பச் சார்புகள். நூலகத்திலிருந்து எனக்கு வந்த விவரம் எக்செல் கோப்பாக இருந்தது. அதனைப் படிக்க 'ஓப்பன்பைஎக்செல்' என்னும் துணைநிரல் வேண்டும். ஆனால் அதே விவரத்தைக் காற்புள்ளியிட்ட எளிய உரைக் கோப்பாகவும் தரலாம். ஆகவே இது இல்லாவிட்டாலும் நிரலின் பயன் கெடாது. இதற்கான சோதனைகளைத் தவிர்க்கலாம். ஆனால் காரணத்தை எழுதித் தவிர்க்க வேண்டும்.

மூன்றாம் வகை, புறச் சார்புகள். இணையத்தில் உள்ள ஒரு தளத்தில் நூலின் விவரத்தைக் கேட்டுப் பெறுவதாக ஒரு பகுதி எழுதினேன். சோதனை ஓடும் ஒவ்வொரு முறையும் இணையம் இருக்கும் என்று நம்ப முடியாது. இத்தகைய இடங்களில் உண்மைப் பொருளுக்குப் பதிலாக ஒரு போலிப் பொருளை நிறுத்தலாம். நாடகத்தில் அரசன் வேடமிட்டவன் அரசனாக நடிப்பது போல, அப்போலியும் நாம் எழுதிக் கொடுத்த விடையைக் கூறும். பைத்தான் 3.3 பதிப்பு (2012) முதல் இதற்கான வசதி மொழியுடனேயே வருகிறது.

போலியை நம்பியதால் வந்த கேடு

போலிப் பொருளைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1996ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியேன் 5 ஏவூர்தி முதன்முறையாகக் கிளம்பியது. ஏறத்தாழ 40 நொடிகளில் அது வழிதவறிச் சிதறியது. திசையறியும் கருவியின் மென்பொருளில், 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடைக்க முயன்றபோது அது கொள்ளாமல் பிழை நேர்ந்தது. அம்மென்பொருள் ஏரியேன் 4 ஏவூர்தியிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. பழைய ஏவூர்தியின் வேகத்தில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வந்ததில்லை.

நம் பொருளுக்கு முக்கியமான செய்தி யாதெனில், முழு ஏவூர்தியையும் ஒப்புருவாக்கிச் சோதித்தபோது, உண்மையான திசையறி கருவியை அதில் இணைக்கவில்லை. அதற்குப் பதிலாக அதைப் போல் நடிக்கும் மென்பொருளை வைத்தே சோதித்தார்கள் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. போலி தவறாமல் நடித்தது. உண்மைப் பொருள் ஏவூர்தியில் முறிந்தது. ஆகவே போலியைக் கொண்டு நூறுமுறை சோதித்தாலும், உண்மைப் பொருளைக் கொண்டு ஒருமுறையாவது சோதித்தே தீரவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

சார்பு திடீரென மறைந்த கதை

சார்பு இல்லாமற் போவது நம் ஆய்வகத்தில் மட்டும் நேரும் குறை என்று கருத வேண்டா. 2016ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் உலகின் பெரிய நிறுவனங்களிலும் இது நேர்ந்தது. அசெர் கோச்சுலு என்னும் நிரலாளருக்கும் ஒரு நிறுவனத்துக்கும் ஒரு பெயரைப் பற்றிய பூசல் எழுந்தது. 'என்பிஎம்' என்னும் பொதுக் களஞ்சியம் நிறுவனத்தின் பக்கம் நின்றமையால், அவர் தம் நிரல்கள் அனைத்தையும் களஞ்சியத்திலிருந்து நீக்கிக்கொண்டார். அவற்றுள் 'லெஃப்ட் பேட்' என்பதும் ஒன்று. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்த்து நீளத்தைச் சரிசெய்வதே அதன் வேலை. மொத்தம் 11 வரிகள். அந்தப் பதினொரு வரிகளை நம்பியிருந்த பெரிய மென்பொருள்களின் ஆக்கப்பணி உலகெங்கும் நின்றது. சுமார் இரண்டு மணி நேரத்தில் களஞ்சியத்தார் அதனை மீட்டு வைத்தார்கள். பின்னர் நீக்குவதற்கான விதிகளையும் கடுமையாக்கினார்கள்.

இந்நிகழ்ச்சியில் ஒரு நன்மையும் உண்டு. ஆக்கப்பணி வெளிப்படையாக நின்றதால் எல்லோரும் உடனே அறிந்தார்கள். என் பட்டியலிலோ எதுவும் நிற்கவில்லை; அமைதியாகத் தவறு நடந்தது. உரக்கக் கத்தி நிற்கும் நிரல், சத்தமின்றித் தவறு செய்யும் நிரலை விட மேலானது.

பிறர் கையாளும் முறைகள்

தவிர்ப்பைத் தனி நிலையாக மதிக்கும் வழக்கம் பழமையானது. 1987இல் வெளிவந்த பெர்ல் மொழியுடன் ஒரு சோதனை அறிக்கை முறை பிறந்தது. பின்னர் வளர்ந்த அம்முறையில், தவிர்க்கப்பட்ட சோதனையின் எதிரே 'தவிர்ப்பு' என்ற சொல்லும் அதன் காரணமும் ஒரே வரியில் எழுதப்படும். 'ஆட்டோமேக்' என்னும் கருவியில், ஒரு சோதனை 77 என்னும் எண்ணைத் திருப்பித் தந்தால் அது தேர்ச்சியும் அன்று, தோல்வியும் அன்று, தவிர்ப்பு என்று கொள்ளப்படும்.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டிலும் இவ்வெண் பயன்படுகிறது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. டெபியனில் ஒரு மென்பொருளின் சோதனைக்கு எவையெவை வேண்டும் என்று தனிக் கோப்பில் எழுதி வைக்கிறார்கள். சோதிக்கும் கணிப்பொறி முதலில் அக்கோப்பைப் படித்து, வேண்டியவற்றை நிறுவிய பின்னரே சோதனையைத் தொடங்கும். சமையலைத் தொடங்கும் முன் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்க்கும் நம் வீட்டுப் பெண்களின் முறையும் இதுவே.

இல்லாததும் கெட்டதும் ஒன்றல்ல

இங்கே நுட்பமான ஒரு வேறுபாட்டைக் கூற விரும்புகிறேன். ஒரு சார்பு கணிப்பொறியில் இல்லவே இல்லை என்பது ஒன்று. இருந்தும் அது பழுதுபட்டுக் கிடக்கிறது என்பது வேறொன்று. பைஐசியு நிறுவப்பட்டிருக்கும், ஆனால் அது நம்பியுள்ள ஐசியுவின் பதிப்பு மாறியிருக்கும், அதனால் அழைத்தவுடன் முறியும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதித் தவிர்த்துவிட்டால், பழுது மறைக்கப்பட்டுவிடும்.

பைத்தான் மொழியில் 3.6 பதிப்பு முதல் 'துணைநிரல் கிடைக்கவில்லை' என்பதற்குத் தனிப் பிழைப்பெயர் உண்டு. பைடெஸ்ட் கருவியில் 'இல்லாவிட்டால் தவிர்' என்னும் வசதி நெடுங்காலமாக இருந்து வருகிறது. 2024இல் வந்த அதன் 8.2 பதிப்பு முதல், துணைநிரல் இருந்தும் முறிந்தால் அது எச்சரிக்கை தருகிறது. கடைக்குப் போய் நூல் இல்லை என்று திரும்புவதும், வாங்கி வந்த நூல் இற்றுப் போயிருப்பதும் ஒன்றாகுமா? முன்னதற்குக் காத்திருக்கலாம், பின்னதற்குக் காரணம் கேட்க வேண்டும்.

இணையம் இல்லாத இடத்தில் செய்வது எப்படி?

நம்மில் பலருக்குப் பயன்படும் பகுதி இது. இணையம் உள்ள ஒரு கணிப்பொறியில், பைத்தானின் 'பிப்' கருவியிடம் 'நிறுவாதே, பதிவிறக்கம் மட்டும் செய்' என்று கூறினால், வேண்டிய துணைநிரல்களையும், அவை நம்பியுள்ள பிறவற்றையும் சேர்த்து ஒரு கோப்புறையில் இறக்கித் தரும். அதனைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, இணையம் இல்லாத கணிப்பொறியில் 'இணையத்தைத் தேடாதே, இக்கோப்புறையில் தேடு' என்று கூறி நிறுவலாம். இரு கணிப்பொறிகளின் இயங்குதளமும், பைத்தான் பதிப்பும், செயலியின் வகையும் ஒத்திருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

பைஐசியு போன்றவற்றில் மேலும் ஒரு தொல்லை உண்டு. அதனை மூல நிரலிலிருந்து நிறுவ வேண்டி வந்தால் சி++ மொழிமாற்றியும், ஐசியுவின் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். இத்தகையவற்றை லினக்ஸ் வெளியீட்டாரே ஆயத்தம் செய்து வைத்துள்ள பொதிகளாகக் கொண்டு செல்வது எளிது. நான் அவ்வாறே செய்தேன்.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

நான் கற்றவற்றைத் தொகுத்து விதிகளாகத் தருகிறேன்.

1. சார்புகள் அனைத்தையும் பதிப்பு எண்ணோடு ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். நினைவை நம்பக் கூடாது.

2. ஒவ்வொரு சார்பும் இன்றியமையாததா, விருப்பச் சார்பா, புறச் சார்பா என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். "இது இல்லாவிட்டால் பயன்படுத்துபவர் ஏமாறுவாரா?" என்று கேட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

3. இன்றியமையாதது இல்லாவிட்டால் தெளிவான செய்தியுடன் நிறுத்த வேண்டும். அமைதியாக வேறு வழியில் செல்லக் கூடாது.

4. விருப்பச் சார்பு இல்லாவிட்டால் காரணம் கூறித் தவிர்க்க வேண்டும். அக்காரணங்களைத் திரையில் காட்டும்படி கருவியிடம் கேட்க வேண்டும். பைடெஸ்ட் கருவியில் இதற்குத் தனி விருப்பக் குறி உள்ளது.

5. போலிப் பொருளை வைத்துச் சோதித்ததை, உண்மைப் பொருளை வைத்தும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

6. எல்லாச் சார்புகளும் நிறுவப்பட்ட கணிப்பொறி ஒன்றாவது இருக்க வேண்டும். அதில் ஒரு சோதனை தவிர்க்கப்பட்டாலும் அதனைத் தோல்வியாகவே கொள்ள வேண்டும்.

7. 'ஓகே' என்ற சொல்லை நம்பாமல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பைடெஸ்ட் கருவியில் எல்லாச் சோதனைகளும் தவிர்க்கப்பட்டாலும் வெளியேறும் எண் 0 என்றே வரும். 0 என்பதற்கு 'குறையில்லை' என்று பொருள். ஒன்றையும் சோதிக்காமலே குறையில்லை என்று அது சொல்லும்!

முடிவுரை

இவ்விதிகளின்படி என் நிரலைத் திருத்தினேன். இப்போது ஐசியு இல்லாத கணிப்பொறியில் அது ஓட மறுக்கும். ஏன் மறுக்கிறது என்றும் தமிழில் சொல்லும். ஐசியுவின் பொதிகளை எடுத்துச் சென்று நிறுவி, 26 சோதனைகளும் ஓடின, 26 சோதனைகளும் தேறின, தவிர்ப்பு எதுவும் இல்லை என்று விரல்விட்டு எண்ணிய பின்னரே மீண்டும் அச்சிட்டேன். முதல் பட்டியலின் அறுபது தாள்களும் வீணாகவில்லை. அவற்றின் பின்பக்கங்களில்தான் இக்கட்டுரையின் முதற்படியை எழுதினேன்.

புதிய பட்டியலை ஐயாவிடம் கொடுத்தபோது அவர் முதலில் புரட்டிப் பார்த்தது பகர வரிசையைத்தான். பவளம் முன்னே இருந்தது. பழம் பின்னே இருந்தது. ஒன்றும் சொல்லாமல் பட்டியலை நூலகத்துக்கு அனுப்பி வைத்தார்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் வங்கிக்கும், மருத்துவமனைக்கும், அரசு அலுவலகத்துக்கும் நிரல் எழுதப் போகிறோம். அங்கே தவறினால் கெடுவது ஒரு நூற்பட்டியலாக இராது; ஒருவருடைய பணமாகவோ, மருந்தின் அளவாகவோ, முதியோர் உதவித்தொகையாகவோ இருக்கும். சோதனை தேறினால் மகிழ்வோம், தோற்றால் திருத்துவோம். சோதிக்கவே இல்லையென்றால், சோதிக்கவில்லை என்று சொல்லும் நேர்மையை நம் நிரலுக்கும் கற்பிப்போம், நாமும் கற்போம்.